நூற்றறுபது தப்படி நகர்ந்த எல்லை

இன்னும் கொஞ்சம் கிட்டே வாருங்கள் கண்ணுகளா. ஓரத்தில் நிற்கிறவர்களும் உள்ளே நகர்ந்து உட்காருங்கள், இடம் இருக்கிறது. ஒரு வீடு இருந்த இடத்தை விட்டு அசையாமலே வேறு மாநிலத்துக்குப் போய்விட்ட கதையைச் சொல்லப் போகிறேன். போன வீட்டைத் திரும்பக் கொண்டுவர ஒரு பெண்மணிக்கும், வாயை மூடத் தெரியாத ஒரு மனிதருக்கும் கிடைத்தது ஒரே ஒரு பகல். சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் கொண்டுவந்தால் அந்த வீட்டுக்கு எந்தப் பிரயோசனமும் இல்லை. ஏன் என்று சொல்கிறேன், கேளுங்கள்.

வாயை மூடத் தெரியாத மனிதர் பச்சையப்பன். வில்லியனூர், பாகூர் தடத்தில் இருபத்திரண்டு வருஷம் தனியார் பேருந்தில் கண்டக்டராக இருந்தவர். பெண்மணி ஆரோக்கியசெல்வி. கல்யாணத்துக்கு முன்னால் நில அளவைக்காரர்களோடு வயல் வயலாகச் சங்கிலி இழுத்தவள். இப்போது வில்லியனூர் ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில், ஜெராக்ஸ் கடை மாடியில் துப்பறியும் நிலையம் வைத்திருக்கிறாள். அவளிடம் வருகிற வழக்கில் முக்கால்வாசி, மாப்பிள்ளை குடிக்கிறாரா என்று பார்த்துச் சொல்வதுதான். அதற்கு ஒரு நிலையமே தேவையில்லை, சாயங்காலம் ஏழு மணிக்குத் தெருமுனையில் நின்றால் போதும் என்பது உதவியாளர் பச்சையப்பனின் தாழ்மையான கருத்து.

அன்றைக்குக் காலை ஒன்பது மணிக்கு ஒரு அம்மாவும் மகளும் படியேறி வந்தார்கள். அம்மா பேர் அமுதம். பாகூர் கொம்யூனில், அதாவது அந்தப் பஞ்சாயத்து வட்டாரத்தில், கடலூர் ஜில்லாவை ஒட்டின எல்லையோர ஊர். அரை ஏக்கர் கரும்பும் இரண்டு மாடும் வைத்திருக்கிறாள். மகள் பிரியதர்ஷினி வந்ததிலிருந்து ஒரு பிளாஸ்டிக் ஃபைலை நெஞ்சோடு அணைத்தபடியே நின்றாள். உட்காரச் சொன்ன பிறகும் ஃபைலைக் கீழே வைக்கவில்லை.

விஷயத்தை அமுதம்தான் சொன்னாள். பெண்ணுக்கு அரசாங்க ஒதுக்கீட்டில் டாக்டர் படிப்புக்கு இடம் வந்திருக்கிறது. புதுச்சேரிக்காரி என்று குடியிருப்புச் சான்றிதழ் வாங்கி இன்றைக்கு ஐந்து மணிக்குள் இணையத்தில் ஏற்ற வேண்டும். இல்லாவிட்டால் இடம் அடுத்த ஆளுக்கு. சான்றிதழ் கேட்டுப் போனால், மூன்று நாளாகத் தாலுகா அலுவலகத்தில் ஒரே பதில்: வரைபடத்தில் உங்கள் வீடு தமிழ்நாட்டில் இருக்கிறது. எல்லைக்கு அந்தப் பக்கத்து அலுவலகத்துக்கு ஓடினால், புதுச்சேரி ரேஷன் கார்டை வைத்துக்கொண்டு இங்கே ஏன் வந்தாய் என்று சிரித்து அனுப்பிவிட்டார்கள்.

"வோட்டு இருக்கு, கரண்டு பில்லு இருக்கு, கல்யாணப் பத்திரிகை வரைக்கும் காட்டுனேன்மா" என்றாள் அமுதம். "அதெல்லாம் மனுசன் குடுத்த பேப்பராம். இது மேப்பு சொல்றதாம்."

பச்சையப்பன் அவள் நீட்டிய வரைபடத் தாளை வாங்கிப் பார்த்தார். ஒரு சிவப்புக் கோடு, அதற்குக் கிழக்கே, தமிழ்நாட்டுப் பக்கம், ஒரு புள்ளி. புள்ளிதான் வீடு.

"இருபத்திரண்டு வருசம் டிக்கெட்டு கிழிச்சிருக்கேன். டிக்கெட்டே எடுக்காம வூட்டோட எல்லை தாண்டுன பார்ட்டிய இன்னிக்குத்தான் பாக்கறேன்" என்றார்.

ஆரோக்கியசெல்வி சிரிக்கவில்லை. அந்தத் தெருவில் எத்தனை வீடு என்று கேட்டாள். பதினொன்று. மற்றவர்களுக்கும் இதே கதியா? மற்றவர்கள் யாரும் இப்போது சான்றிதழ் கேட்கவில்லை, அதனால் தெரியாது என்றாள் அமுதம்.

"அப்ப உன் வூட்டைத் தூக்கி யாரும் வெக்கலம்மா, கோட்டத்தான் நகத்திருக்காங்க" என்றாள் செல்வி. "வண்டிய எடுங்கண்ணே."

பத்தரை மணிக்கு எல்லைக்கல் முன்னால் நின்றார்கள். வெள்ளைக்காரன் காலத்துக் கல். கரும்புத் தோட்டத்து ஓரத்தில், சாணி காய்கிற இடத்தில், யாரும் மதிக்காவிட்டாலும் நேராக நின்றது. அமுதத்தின் வீடு அதற்கு மேற்கே, அதாவது புதுச்சேரிக்குள்தான் இருந்தது. கல்லுக்குத் தெரிந்தது மேப்புக்குத் தெரியவில்லை. செல்வி கல்லின் தலையில் போனை வைத்து, அது நிற்கிற இடத்தின் எண்களைக் குறித்துக்கொண்டாள். பிறகு தாளில் சிவப்புக் கோடு எங்கே ஓடுகிறது என்று பார்த்து, அது வரைக்கும் பச்சையப்பனை நடக்கச் சொன்னாள்.

நடந்தார். மேற்கே சரியாக நூற்றறுபது தப்படி. கோடு அங்கே ஒரு மாட்டுக் கொட்டகையை நடுவாகப் பிளந்துகொண்டு போனது. உள்ளே ஒரு எருமை அசைபோட்டபடி நின்றது. முன்னங்கால் புதுச்சேரி, பின்னங்கால் தமிழ்நாடு. பால் எந்த அரசாங்கத்துக்குச் சேரும் என்று பச்சையப்பன் எருமையிடமே விசாரித்தார். அது வாலைத் தூக்கித் தன் கருத்தைச் சொல்லியது. மேப்பைப் பற்றி அன்றைக்குக் கேட்டதில் அதுதான் நியாயமான கருத்து என்று செல்வியிடம் வந்து அறிக்கை கொடுத்தார்.

அந்த வரைபடத்தை அலுவலகம் போடவில்லை. தாளின் அடியில் பேர் இருந்தது: 'துல்லியம் டிஜிட்டல் வரைபட மையம், வில்லியனூர்.' ஒப்பந்தத்துக்கு எடுத்து, பழைய காகித வரைபடங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, இணையத்தில் போடுகிறவர்கள். துல்லியத்தைத் தேடி இருவரும் வந்த வழியே திரும்பினார்கள்.

மணி ஒன்று. மையம் மாடியில் இருந்தது. படிக்கட்டின் கீழே ஒரு டீக்கடை, எண்ணெய்ச் சட்டியில் போண்டா மிதந்தது. மாடியில் ஒரே ஒரு பெண் கம்ப்யூட்டர் முன்னால் இருந்தாள். பேர் செல்வகுமாரி. முதலாளி கலைவேந்தன் சாப்பிடப் போயிருக்கிறார் என்றாள். மேப்பில் ஒரு சந்தேகம் என்று செல்வி தாளைக் காட்டியதும் மறுக்காமல் மென்பொருளைத் திறந்து காட்டினாள். திரையில் அதே சிவப்புக் கோடு, அதே எருமையைப் பிளந்துகொண்டு.

போன வாரத்து ஆயுத பூசை இன்னும் அந்தக் கம்ப்யூட்டரை விட்டுப் போகவில்லை. திரையின் மேல் விளிம்பு நெடுகப் பட்டையாகச் சந்தனம், நடுவில் குங்குமம், அதற்கு மேல் பிளாஸ்டிக் மாவிலைத் தோரணம். பச்சையப்பன் குனிந்து உற்றுப் பார்த்தார்.

"சாமி கண்ணைக் குத்தாதுன்னா ஒண்ணு கேக்கறேன்மா. அந்தச் சந்தனத்துக்கு அடியில மஞ்சளா இன்னாவோ எழுதியிருக்குதே, அது பூசைக்கு முன்னாடியா, பின்னாடியா?"

பதிலுக்குக் காத்திருக்காமல் தோள்துண்டால் துடைத்துவிட்டார். சந்தனத்தின் அடியில், திரையின் தலைமாட்டில், ஒரு மஞ்சள் பட்டை. அதில் மென்பொருள் ரொம்ப மரியாதையாக எழுதியிருந்தது: தேவையான கிரிட் கோப்பு கிடைக்கவில்லை, தோராயமாக மாற்றியிருக்கிறேன் என்று.

செல்விக்கு விளங்கிவிட்டது. பச்சையப்பனுக்கு விளங்கவில்லை. அதனால் அவருக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன். பழைய வரைபடக்காரர்கள் பூமியின் உருண்டையை ஒரு மாதிரி நினைத்துக்கொண்டு அளந்தார்கள். இன்றைய செயற்கைக்கோள் அதை வேறு மாதிரி நினைக்கிறது. அதனால் ஒரே கல்லுக்குப் பழைய கணக்கில் ஒரு விலாசம், புதுக் கணக்கில் ஒரு விலாசம். பழைய கோட்டைப் புது வரைபடத்தில் வைக்கும்போது எந்தக் கட்டத்தில் எவ்வளவு தள்ளி வைக்க வேண்டும் என்று கட்டம் கட்டமாகச் சொல்கிற பட்டியல்தான் இந்தக் கிரிட் கோப்பு. மென்பொருள் தேடுகிற அந்த ஒரு கோப்புறைக்குள் அது இருக்க வேண்டும். இல்லாவிட்டால் மென்பொருள் வேலையை நிறுத்தாது. தள்ளாமலே வைத்துவிட்டு, மேலே மஞ்சளில் ஒரு வரி முணுமுணுக்கும்.

"புரிஞ்சிடுச்சு. எந்த ஸ்டாப்புக்கு எவ்ளோன்னு போட்டிருக்கற ஸ்டேஜ் சீட்டைத் தொலைச்ச கண்டக்டரு" என்றார் பச்சையப்பன். "தொலைச்சிட்டேன்னு சொல்ல மாட்டான். மூஞ்சியப் பாத்து ஒரு டிக்கெட்டு கிழிச்சுக் குடுத்துடுவான். நானே செஞ்சிருக்கேன்."

செல்வகுமாரி அழ ஆரம்பித்துவிட்டாள். தப்பு தன்னுடையது என்றாள். ஜூன் மாதம் பயிற்சிக்காரர்கள் சொன்னபடி கோப்பைக் கோப்புறையில் வைத்து எல்லாம் ஒழுங்காகப் பண்ணியதும் அவள்தான். பூசைக்கு முந்தின நாள், வீட்டைக் கழுவுகிற மாதிரி கம்ப்யூட்டரையும் கழுவிவிடு, பேர் புரியாத கோப்பெல்லாம் குப்பை, அழித்துவிடு என்று முதலாளி சொல்ல, வாய்க்குள் நுழையாத பேராக இருந்ததையெல்லாம் அழித்ததும் அவள்தான். அதில் இதுவும் போயிருக்கும்.

அந்த நேரம் பார்த்துக் கலைவேந்தன் ஏப்பம் விட்டபடி உள்ளே வந்தார். விஷயத்தைக் கேட்டதும் முதல் வேலையாகச் செல்வகுமாரியைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். அடுத்து, செல்விக்கு நாற்காலி போட்டார். பேச்சு தேனாக வந்தது. படித்த பெண்ணாச்சே என்று நம்பினதற்கு இப்படி ஆகிவிட்டது, டெக்னிக்கல் எரர், மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது. கோப்பைத் திரும்பக் கேட்டு எழுதுகிறேன், வந்ததும் முதல் வேலையாக இதைத்தான் செய்வேன், பத்து நாள் பொறுங்கள் என்றார். ஐந்து மணிக்கு ஒரு பெண்ணின் படிப்பு போய்விடும் என்று செல்வி சொன்னபோது உச்சுக் கொட்டினார். அடுத்த வருஷமும் பரீட்சை உண்டே என்று ஆறுதலும் சொன்னார்.

செல்வி பச்சையப்பனிடம் திரும்பி, கீழே போய்ப் பன்னிரண்டு போண்டா வாங்கி வரச் சொன்னாள். ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பொட்டலம் கட்டச் சொல்ல வேண்டும், மறக்கக் கூடாது.

பச்சையப்பன் படி இறங்கினார். ஒரு பெண்ணின் வாழ்க்கை கையை விட்டுப் போகிற நேரத்தில் மேடத்துக்குப் பசிக்கிறது. அதுவும் பன்னிரண்டு. அதுவும் ஒவ்வொரு போண்டாவுக்கும் தனி சட்டை. டீக்கடைக்காரரும் அதையேதான் கேட்டார்: போண்டாவுக்குள்ளே ஏதாவது சாதி சண்டையா என்று. வேண்டுதல் என்று சொல்லிச் சமாளித்தார் பச்சையப்பன்.

மேலே வந்து பொட்டலங்களை மேஜையில் வைத்தார். செல்வி ஒவ்வொன்றாகப் பிரித்து, போண்டாவை ஒதுக்கிவிட்டுத் தாளை மட்டும் எடுத்து விரித்தாள். ஏழாவது பொட்டலத்தில்தான் பச்சையப்பனுக்குப் புரிந்தது. கீழ்க்கடைக்குப் பொட்டலம் கட்டப் போவதெல்லாம் மேல்மாடியின் கழிவுத் தாள். அத்தனையும் துல்லியம் மையம் அச்சடித்துத் தூக்கிப் போட்ட வரைபடங்கள். வரும்போதே அவள் பார்த்துவிட்டாள். இவர் சட்டியை மட்டும் பார்த்தார்.

ஒன்பதாவது தாளை எடுத்துச் செல்வி அமுதத்தின் வரைபடத்தின் மேல் வைத்தாள். அதே ஊர், அதே அளவு. எண்ணெய் ஊறித் தாள் கண்ணாடி மாதிரி ஆகியிருந்தது. இரண்டையும் சேர்த்து ஜன்னலில் ஒட்டிப் பிடித்தாள். வெளிச்சத்தில் இரண்டு தாளின் சிவப்புக் கோடும் ஒன்றின் மேல் ஒன்று படுத்து, ஒரே கோடாகத் தெரிந்தது.

"நகந்த கோடுதான். இதுலயும்" என்றாள். "தேதி பாருங்கண்ணே."

தேதி பார்ப்பது பச்சையப்பனுக்கு மூச்சு விடுகிற மாதிரி. நேற்றைய டிக்கெட்டை மடித்து நீட்டுகிற எத்தனை பேரை நடுவழியில் இறக்கிவிட்டிருக்கிறார். தாளின் மூலையில் மிளகாய் விதைக்குப் பக்கத்தில் அச்சடித்த நாள் இருந்தது. ஆகஸ்ட் மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை.

"ஆகஸ்ட்டு" என்று உரக்கப் படித்தார். "ஆயுத பூசை அக்டோபர்ல. இந்தப் பொண்ணு கழுவறதுக்கு ரெண்டு மாசம் முன்னாடியே யாரோ கழுவிட்டுப் போயிருக்கான்."

செல்வகுமாரி அழுகையை நிறுத்திவிட்டு எழுந்து வந்தாள். ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு விடுமுறை. சாவி முதலாளியிடம். ஆகஸ்டுக்குப் பிறகு இந்த ஊரின் வரைபடத்தைத் திறக்கிற வேலையே அவளுக்கு வரவில்லை.

கலைவேந்தன் சிரிக்கப் பார்த்தார். பழைய தாளெல்லாம் ஆதாரமா என்றார். தாளின் நடுவில், ஊரின் மேற்கு ஓரத்தில், பேனாவால் வட்டம் போட்டு ஒரு கட்டடம் குறித்திருந்தது. அடியில் குறிப்பு. அதையும் பச்சையப்பனே நிதானமாகப் படித்தார்: திட்ட இடம், மது அருந்தகம்; உரிமையாளர் பேர் சம்மந்தம்; அமைவிடம், புதுச்சேரி எல்லைக்குள்.

அந்தக் கட்டடம் பச்சையப்பனுக்குத் தெரியும். அந்தப் பக்கத்தில் அது யாருக்குத்தான் தெரியாது. அந்த ஊருக்குக் கிழக்கேயும் மேற்கேயும் தமிழ்நாடுதான். சம்மந்தம் மேற்கு எல்லைக்கு அப்பால், தமிழ்நாட்டு மண்ணில் மலிவாகக் கிடைத்த பொட்டல் நிலத்தை வாங்கி, அவசரப்பட்டுக் கட்டிவிட்டு, புதுச்சேரியில் உரிமம் கேட்டுத் திரிந்த கதை பேருந்தில் ஒரு வருஷம் ஓடியது. கட்டடத்தைத் தூக்கி உள்ளே வைக்க முடியாது. எல்லையைத் தூக்கி அந்தப் பக்கம் வைத்தால் போதும். ஒரு கோப்பைக் கோப்புறையிலிருந்து எடுத்துவிட்டால் எல்லை தானாக மேற்கே நகர்ந்து கொடுக்கும், கையால் திருத்தின அடையாளமே இருக்காது, கேட்டால் பூசை, கழுவல், படித்த பெண்.

பாயில் ஒரு பக்கம் படுத்தவன் அதைத் தன் பக்கம் இழுத்தால் மறுபக்கத்துக்காரன் தரையில் கிடப்பான், இல்லையா. சம்மந்தத்தின் கடை மேற்கே உள்ளே வந்தது. கிழக்கே பதினோரு வீடு வெளியே போனது. அமுதத்தின் மேல் யாருக்கும் பகை இல்லை. பிரியதர்ஷினி என்று ஒருத்தி இருப்பதே இவர்களுக்குத் தெரியாது. பச்சையப்பனுக்கு அதுதான் நெஞ்சில் தைத்தது. பகையென்றாலாவது ஆளை நிமிர்ந்து பார்த்திருப்பார்கள்.

"ஒரு பார் உள்ள வர்றதுக்கு ஒரு டாக்டர வெளிய தள்ளிட்டீங்க சார்" என்றாள் செல்வி. குரல் உயரவே இல்லை. "கோப்பு காணோம்னா எவனும் மொதல்ல தேடுவான். நீங்க தேடல. பத்து நாள்னு தேதி சொன்னீங்க. அப்பவே எனக்குப் போண்டா திங்கணும்னு தோணிடுச்சு."

கோப்பு வர நாளாகும், உங்களால் ஒன்றும் ஆகாது என்று கலைவேந்தன் எழுந்து நின்றார். அப்போது அவர் எதிர்பார்க்காத பக்கத்திலிருந்து பதில் வந்தது.

"ஆகும்" என்றாள் செல்வகுமாரி. "ஜூன்ல பயிற்சிக்காரங்க அனுப்புனது என் மெயில்ல இருக்குது. மெயில கழுவச் சொல்ல மறந்துட்டீங்க சார்."

உட்கார்ந்து வேலையைத் தொடங்கினாள். கலைவேந்தன் தடுக்க ஓரடி வைத்தார். அவருக்கும் மேஜைக்கும் நடுவில் பச்சையப்பன் நின்றார். நெரிசல் நேரத்துப் பேருந்தில் நின்று பழகிய உடம்பு, யாராலும் நகர்த்த முடியாது. செல்வகுமாரி கோப்பை இறக்கினாள். மென்பொருள் தேடுகிற கோப்புறையில் வைத்தாள். மென்பொருளை மூடி மறுபடி திறந்தாள், திறக்கிறபோதுதான் அது கோப்புறையை எட்டிப் பார்க்கும். எந்த வழியில் மாற்ற என்று அது கேட்டபோது கிரிட் வழியைக் கையாலேயே தேர்ந்தாள். மஞ்சள் பட்டை வரவில்லை. செல்வி காலையில் குறித்துவந்த எல்லைக்கல்லின் எண்களைச் சொல்லச் சொல்ல அவள் ஒரு புள்ளி வைத்தாள். சிவப்புக் கோடு கொட்டகையை விட்டு, தெருவை விட்டு, கிழக்கே தாவி, அந்தப் புள்ளியின் தலையில் போய் உட்கார்ந்தது. மேற்கே சம்மந்தத்தின் கடை மறுபடியும் தமிழ்நாட்டுக்குப் போய்ச் சேர்ந்தது.

திருத்திய வரைபடத்தை இணையத்தில் ஏற்றினாள். பிறகு சாப்பாட்டுப் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள். வேலையை விட்டு நிறுத்துகிறேன் என்று கலைவேந்தன் சொல்லி முடிப்பதற்குள் அவள் பாதிப் படி இறங்கியாகிவிட்டது. அலுவலகத்துக்கு வந்து சாட்சிக் கையெழுத்துப் போடுகிறேன் என்று அவளாகவே செல்வியிடம் சொன்னாள்.

நாலேகாலுக்கு அலுவலகத்தில் இருந்தார்கள். அமுதமும் மகளும் மதியத்திலிருந்து அங்கேயே பெஞ்சில். செல்வி புகாரையும் இரண்டு தாளையும் நீட்டினாள். எண்ணெய் வழிகிற ஆவணத்தின் மேல் எங்கே முத்திரை குத்துவது என்று எழுத்தர் தவித்து, கடைசியில் அதைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு உறைமேல் குத்தினார். அதிகாரி வரைபடத்தைப் புதுப்பித்துப் பார்த்தார். இன்னொரு முறை புதுப்பித்தார். மூன்று நாளாக நிமிர்ந்து பார்க்காத மனிதர் இப்போதும் நிமிராமலே, "சிஸ்டம் சரியாயிடுச்சும்மா" என்றார். சான்றிதழ் வெளியே வந்தது.

பக்கத்துக் கடையில் பிரியதர்ஷினி அதை ஏற்றியபோது மணி நாலு ஐம்பத்திரண்டு. ஏற்கப்பட்டது என்று போனில் செய்தி வந்தது. அவள் அதை அம்மாவிடம் காட்டினாள். அமுதம் அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு முந்தானையை உதறிக்கொண்டு நேராக அலுவலகத்துக்குள் திரும்ப நடந்தாள். என்னவோ ஏதோ என்று பச்சையப்பனும் பின்னாலேயே ஓடினார்.

"ரெண்டு மாசமா எங்க தெருவு தமிழ்நாட்டுல இருந்துச்சுன்னீங்களே சார்" என்று அவள் அதிகாரியிடம் சொன்னாள். "இல்லைன்னு ஒரு வரி எழுதி சீல் வெச்சுக் குடுங்க. மத்த பத்து வூட்டுலயும் பிள்ளைங்க படிக்குதுங்க."

அதிகாரி முதன்முறையாக நிமிர்ந்தார். சுவரில் மணி ஐந்தடித்தது. அலுவலக நேரம் முடிந்தது என்று சொல்ல அவர் வாயெடுத்தார். அமுதம் எதிர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். பச்சையப்பன் பேசாமல் போய் அவளுக்குப் பின்னால் நின்றுகொண்டார். அதிகாரி இருவரையும் பார்த்தார், பேனாவைத் திறந்தார்.

அவ்வளவுதான் கண்ணுகளா. உங்கள் வீட்டுப் பிள்ளைகள் நினைத்த படிப்பைப் படித்து நிமிர்ந்து நிற்கட்டும். உங்கள் வீட்டுப் பெண்களின் சொல் எந்த மேஜைக்கு முன்னாலும் தரையில் விழாமல் இருக்கட்டும். உலை நேரத்துக்குக் கொதிக்கட்டும், பந்தியில் யாருக்கும் குறையாமல் இருக்கட்டும். நல்லா இருங்கள்.